பாதிக் குளவிக்கூடு

"இந்த வண்டி பொறந்தது எழுபத்தொன்பதுல. இதோட கண்ணு பொறந்தது அதுக்கும் ரெண்டு வருஷமாவது முன்னாடி. கண்ணு முதல்ல பொறந்து உடம்பு பின்னாடி வந்ததா பைபிள்ல கூட இல்ல, பாஸ்."

சிறைக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட முற்றத்தில், பழுப்பு நிற பிக்கப் வண்டி ஒன்றின் முன்னால் மண்டியிட்டபடி டாய்ல் சொன்னான். ஒன்பது வருடம் உதிரி பாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன். வாயால் அந்த வேலை போயிற்று. அதே வாயோடு நெல்டா மரோவிடம் உதவியாளனாகச் சேர்ந்து இது மூன்றாவது வருடம்.

நெல்டா கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருடம் போலீஸ் வேலை பார்த்தவள். இப்போது பெல் ஃபோர்க்கில் முடிதிருத்தகத்துக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, கதவில் 'துப்பறிவாளர்' என்று ஒரு பெயர்ப்பலகை. ஓக்லஹோமாவின் நவம்பர் காற்று அவள் காதைக் கடித்தது.

"புரியற மாதிரி சொல்லு."

"இதைச் செஞ்ச கம்பெனி எழுபத்தேழு வரைக்கும் இந்த மாடல் உடம்புக்கு வட்ட விளக்குதான் போட்டான். எழுபத்தொன்பதுல எல்லாத்துக்கும் சதுரம். இது எழுபத்தொன்பது. கதவுல வருஷம் அடிச்ச தகடு இருக்கு, நானே படிச்சேன். அப்போ இதுக்கு வட்டக் கண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

"மாத்த முடியுமா?"

"பின்னால சொருகுற மூணு கால் பிளக் ரெண்டுக்கும் ஒண்ணுதான். வயரைத் தொடவே வேண்டாம். ஆனா விளக்கைப் பிடிச்சிருக்கிற தகரம் வேற, முன்பக்கக் கிராதி வேற. ஒரு ராத்திரி முழுக்க முட்டி தேயணும்."

நெல்டா தெருவோரம் நிறுத்தியிருந்த தன் காரைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆர்வல் டக்கெட் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. இன்று காலை பக்கத்துப் பண்ணையின் முட்டை வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க அவள் மேசை முன்னால் நின்றவர் அவர்தான். "என் பையன் செய்யலை, பொண்ணே. அன்னிக்கு அவன் எனக்கு பீன்ஸ் வேக வெச்சுக்கிட்டிருந்தான்." எந்த நாள் என்று கேட்டபோதுதான் திணறினார்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது சாயும் நேரம். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஜோலீன் ப்ரூயிட், சாலையோரம் தன் வீட்டுத் தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். ஏதோ ஒரு வண்டி அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவள் கணவன் கோழிக்கூண்டிலிருந்து ஓடி வந்தபோது மூச்சு இல்லை. மண்ணில் வட்ட விளக்கு ஒன்றின் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன. மூன்றாம் நாள் தீவனக் கடை வாசலில் ஷெரிஃப் இந்தப் பழுப்பு வண்டியைப் பார்த்தார். வட்ட விளக்குகள். வலது விளக்கு மட்டும் பளபளவென்று புதுசு. அதைச் சுற்றிய வளையம் நசுங்கியிருந்தது. ஓட்டி வந்தவன் வெண்டல் டக்கெட், ஆர்வலின் ஒரே மகன். ஷெரிஃப் கேள்வியை முடிக்கும் முன்னாலேயே "நான்தான்" என்றானாம்.

திங்கட்கிழமை நீதிபதி முன்னாலும் அதையே சொல்லப்போகிறான். இன்று வெள்ளி.

"பாஸ், இங்க வாங்க. தலையைக் குனிங்க. அழகா இருக்கு."

நசுங்கிய வளையத்தின் உட்புறத்தில் செம்மண் கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. குளவிக்கூடு. புல்லாங்குழலை அடுக்கியதுபோல இரண்டு குழல். மூன்றாவது, நீளவாக்கில் பிளந்துபோயிருந்தது.

"பாதி வீடு," என்றான் டாய்ல். "எந்தக் குளவியும் பாதி வீடு கட்டிட்டுப் போகாது. மிச்சப் பாதி, வளையத்துக்குப் பின்னால இருந்த தகரத்துல ஒட்டியிருக்கணும். இங்க பாருங்க, தகரம் சுத்தம். அப்போ மிச்ச வீடு, இந்த வளையம் முன்னாடி இருந்த வண்டியில இருக்கு. கூடு வெளியில வெளுத்துக் கிடக்கு, உடைஞ்ச இடம் மட்டும் இன்னும் ரத்தச் சிவப்பு. உடைஞ்சு ரொம்ப நாள் ஆகலை."

சாப்பிட்டு மீந்த ரொட்டியைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளை உதறி, கூட்டின் உடைந்த விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினான். மேடு பள்ளம் எல்லாம் தாளில் பதிந்தது.

"பூட்டைப் பிடிச்சாச்சு," என்று அதைத் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினான். "சாவியைத் தேடணும்."

வெண்டலுடன் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டு வயது, பெரிய கைகள். அந்தக் கைகளை மேசைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் வண்டிக்குச் சதுர விளக்குதானே வரணும், வெண்டல்?" என்றாள் நெல்டா.

"எனக்கு வட்டம்தான் பிடிக்கும், மேடம்."

"எப்போ மாத்தினே?"

"வருஷமாச்சு."

"எங்க வாங்கினே?"

"ஞாபகமில்ல."

பொய் சொல்லிப் பழகாதவனின் பொய். ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடச் சுருங்கிக்கொண்டே போயிற்று.

"உங்களை யாரு அனுப்பினா?" என்று அவன் கேட்டான்.

"உங்க அப்பா."

முதல்முறையாக நிமிர்ந்தான். "அவரு இங்க வந்திருக்காரா? குளிருக்குப் போர்த்திக்க ஏதாவது இருக்கா? பொழுது சாயறதுக்குள்ள வீட்ல விட்டுடுங்க மேடம். காலையில நல்லாத்தான் இருப்பாரு. சாயங்காலம் ஆச்சுன்னா எங்க இருக்கோம்னே தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்த வேலையையும் இத்தோட விட்டுடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

வெளியே வந்ததும் நெல்டா சிகரெட்டைப் பற்றவைத்தாள். உள்ளே இருப்பவன் துப்பறிகிறவளிடம் 'சீக்கிரம்' என்பான். 'நிறுத்து' என்று சொன்னவனை இருபத்திரண்டு வருடத்தில் அவள் பார்த்ததில்லை.

"யாருக்கோ பயப்படறான்," என்றான் டாய்ல். "எவனோ தன் பாவத்தைக் கழட்டி இவன் வண்டியில மாட்டிட்டு, வாயைத் திறந்தா தொலைச்சுடுவேன்னு மிரட்டியிருக்கான். பஞ்சு அரவை ஆலை முதலாளியோட தம்பி கைல் ஹார்கிஸ் ஞாபகம் இருக்கா? எழுபத்தேழு வண்டி. குடிச்சா ரோடு போதாது அவனுக்கு."

"பழைய வண்டிக் கிடங்குக்குப் போவோம். அந்த மாடல் வண்டி எது எங்க இருக்குன்னு விர்ஜிலுக்குத் தெரியாம இருக்காது."

காரில் ஏறியதும் ஆர்வல் கேட்டார், "என் பையனைப் பார்த்தியா, பொண்ணே? மெலிஞ்சிருக்கானா?"

"நல்லா இருக்கார், மிஸ்டர் டக்கெட்."

"என் வண்டியிலயே வந்திருப்பேன். உங்களுக்குச் சிரமம் குடுத்திருக்க மாட்டேன். எவனோ என் வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டு, அதே பச்சையில வேற ஒண்ணைக் கொண்டாந்து கொட்டகையில நிறுத்தியிருக்கான்."

"நாணயமான திருடன், பெரியவரே," என்றான் டாய்ல். "மாத்து வண்டி குடுத்துட்டுப் போற திருடனை நான் இப்பத்தான் கேள்விப்படறேன்."

கிழவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, பின்னிருக்கை முழுவதும் நிறைந்தது.

விர்ஜில் ஓட்ஸின் கிடங்கு ஊருக்கு மேற்கே, ரயில் பாதை ஓரம். பத்து ஏக்கர் துரு. விர்ஜில் ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் நாயின் கழுத்துப்பட்டையுமாக வந்தார்.

"கைல் ஹார்கிஸ் வண்டியா? அதைத்தான் ஆகஸ்ட்லயே நசுக்கிட்டேனே. அதோ, அந்தக் கட்டி. வேணும்னா ஒரு பக்கமா மோந்து பாரு, இன்னும் பீர் வாடை அடிக்கும்."

டாய்லின் சந்தேகம் ஒரு கன மீட்டர் இரும்பாகிக் கிடந்தது.

"விர்ஜில்," என்றாள் நெல்டா, "போன மாசம் அந்த மாடல் வண்டிக்கு விளக்குச் சாமான் கேட்டு யாராவது வந்தாங்களா?"

"வந்தான், வெண்டல் டக்கெட். புதன்கிழமை காலையில நான் கேட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னான், தூங்காத மூஞ்சியோட. வட்ட விளக்கு ஒண்ணு கேட்டான். அப்புறம் சதுர விளக்கு உக்கார்ற தகரம் ஒரு ஜோடி. ஷெரிஃப் என்கிட்ட வரவேயில்ல. வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"எந்தப் புதன்?"

"ஜோலீன் செத்த மறுநாள். அவ செத்த சேதியே ரேடியோவுல மத்தியானம்தான் வந்துச்சு."

டாய்ல் கையை உயர்த்தினான். "நில்லுங்க. வட்ட விளக்கு சரி, ஒடஞ்சதுக்குப் பதிலா. ஆனா தன் வண்டியில சதுரத்தைக் கழட்டிட்டு வட்டம் மாட்டறவனுக்குச் சதுரத் தகரம் எதுக்கு?"

"அவன் வண்டிக்கு இல்ல," என்றாள் நெல்டா மெதுவாக. "கழட்டின சதுரத்தை இன்னொரு வண்டியில மாட்டறதுக்கு. பழைய தகரம் கழட்டும்போது கிழிஞ்சிருக்கும்."

"அப்போ அவனை யாரும் மாட்டிவிடலை."

"இல்ல. அவனே மாட்டிக்கிட்டான். ரெண்டு வண்டிக்கும் முகத்தை மாத்தியிருக்கான், டாய்ல். ஒடஞ்ச முகத்தைத் தான் எடுத்துக்கிட்டு, நல்ல முகத்தை இன்னொண்ணுக்குக் குடுத்திருக்கான்."

அவள் காரை நோக்கி நடந்தாள். கண்ணாடியை இறக்கச் சொன்னாள்.

"மிஸ்டர் டக்கெட், கொட்டகையில நிக்கறது வேற வண்டின்னு சொன்னீங்களே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கிழவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது.

"மூஞ்சியைப் பார்த்துத்தான். என் வண்டி எழுபத்தாறு. குழந்தை மாதிரி முழிச்சுப் பாக்கும். இது என்னைப் பார்த்து முறைக்குது."

டாய்ல் பைக்குள் இருந்த தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

டக்கெட் பண்ணைக்கு இருபது நிமிடம். இருபுறமும் பஞ்சு எடுத்து முடித்த காடு. வேலிக் கம்பிகளில் வெள்ளைப் பிசிறு. சூரியன் தாழ்ந்துகொண்டிருந்தது. ஜோலீனின் வீட்டைக் கடந்தபோது தபால் பெட்டி இருந்த இடத்தில் வெறும் கம்பம் நின்றது. அடியில் பிளாஸ்டிக் பூக்கள். நெல்டா கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தாள். ஆர்வல் கண்ணை மூடியிருந்தார்.

அவரை அடுக்களையில் உட்காரவைத்து, மீந்த காபியைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு இருவரும் கொட்டகைக்குப் போனார்கள்.

பச்சை பிக்கப், சதுர விளக்குகள். கிழவர் சொன்னது சரிதான், முறைத்தது.

டாய்ல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, நான்கு திருகுகளைக் கழற்றினான். வலது பக்க விளக்கு அவன் மடியில் சாய்ந்தது. உள்ளே, வெட்டி ஒட்டிய புதுத் தகரம். அதை ஒட்டினாற்போல, தொடப்படாத பழைய பச்சைத் தகரத்தின் ஓரத்தில் செம்மண் குழல் ஒன்று, நீளவாக்கில் பிளந்து நின்றது. மற்ற திருகுகளைத் துடைத்து எண்ணெய் போட்டு ஒழுங்காக முடுக்கியிருந்த வெண்டல் இதைச் சுரண்டாமல் விட்டிருந்தான். அந்த ராத்திரியில் கண்ணுக்குப் பட்டிருக்காது.

தீப்பெட்டியைத் திறந்து அலுமினியத் தாளை எடுத்துப் பொருத்தினான். மேட்டில் பள்ளம், பள்ளத்தில் மேடு. நழுவாமல் உட்கார்ந்தது.

"பாஸ்," என்றான் டார்ச்சைப் பல்லிலிருந்து எடுத்து.

நெல்டா ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"கோடையிலயே டாக்டர் இவரை வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டார்," என்றாள். "காலையில மாடி ஏறி வந்தப்ப அவரே சொன்னார், பெருமையா, டாக்டருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அந்த செவ்வாய்க்கிழமை வெண்டல் பீன்ஸ் வேக வெச்சுக்கிட்டிருந்தது நிஜம். பொழுது சாயறப்போ இவரு சாவியை எடுத்துட்டுக் கிளம்பியிருக்கார். வந்து எதையோ இடிச்சேன்னு சொல்லியிருப்பார். வெண்டல் போய்ப் பார்த்திருக்கான்."

"பார்த்துட்டுத் திரும்பி வந்து ராத்திரி முழுக்கத் திருகு முடுக்கியிருக்கான்." டாய்ல் விளக்கை மடியிலிருந்து எடுக்காமலேயே இருந்தான். "பாஸ், நாம இதைப் பார்க்கலைன்னு வெச்சுக்குவோமே. வெண்டலே தெரிஞ்சுதானே போறான்? பெரியவரை உள்ள போட்டா எதுக்குப் போட்டாங்கன்னே அவருக்குத் தெரியாது. தினமும் காலையில எழுந்து கேட்டுக்கிட்டே கெடப்பாரு."

"ஜோலீன் புருஷன் யாரை மன்னிக்கறதுன்னோ யாரைச் சபிக்கறதுன்னோ தெரியாம கெடக்கலாமா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"தெரியும்." நெல்டா கைகளால் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "நானும் அதையேதான் யோசிச்சேன், இங்க நடந்து வரும்போது. ரெண்டு தடவை."

வாசலில் நிழல் விழுந்தது.

ஆர்வல் நின்றார். தொப்பியில்லாமல், கையில் காபிக் கோப்பையோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கழன்று கிடந்த விளக்கை அவர் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், பச்சை வண்டியின் கதவில், கைப்பிடிக்குக் கீழே, பல வருடத் தேய்மானத்தில் பெயின்ட் போன இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என் வண்டிதான்," என்றார்.

"ஆமா, மிஸ்டர் டக்கெட்."

"என்ன கண்டுபிடிச்சே, பொண்ணே? என் பையன் செய்யலைதானே?"

நெல்டா எழுந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கதவுகளைத் தட்டி எத்தனையோ பேரிடம் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறாள். எந்தக் கதவிலும் இவ்வளவு நேரம் தயங்கியதில்லை.

"உங்க பையன் செய்யலை," என்றாள். "அன்னிக்கு நீங்க ஓட்டிட்டுப் போனீங்க. ஜோலீன் தபால் பெட்டிகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வெண்டல் விளக்கை எல்லாம் மாத்தித் தன் வண்டியில மாட்டிக்கிட்டான்."

கோப்பை சரிந்தது. காபி அவர் விரல்மேல் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"மான்," என்றார். "மானுன்னு சொன்னானே. 'மான்தான்ப்பா, நீங்க போய்ப் படுங்க'ன்னான்."

டாய்ல் மடியிலிருந்த விளக்கைத் தரையில் இறக்கி வைத்தான்.

"ஜோலீனா? பஸ் ஓட்டுற பொண்ணா? போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு பீக்கன் கொட்டை போட்டுப் பலகாரம் சுட்டுக் கொண்டாந்து குடுத்தாளே?" அவர் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். அழுகை சத்தமில்லாமல் வந்தது. தோள்கள் மட்டும் குலுங்கின. டாய்ல் போய் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே நின்றான்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். காலையில் மாடிப்படி ஏறி வந்த மனிதரின் கண்கள்.

"ஷெரிஃப்கிட்டக் கூட்டிட்டுப் போ, பொண்ணே. நானே சொல்றேன். இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு மறந்துடும். அதுக்குள்ள சொல்லிடணும்."

"வக்கீல் ஒருத்தரைக் கூப்பிட்டுக்கிட்டு, நாளைக்குக் காலையில..."

"நாளைக்கு நான் யாரா இருப்பேனோ." சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். "கிளம்பு."

வீட்டிலிருந்து டாய்ல் அவருடைய தொப்பியையும் கம்பளிக் கோட்டையும் எடுத்துவந்தான். பின்னிருக்கையில் அவர் பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டான்.

சாலை செக்கச்சிவந்த மேற்கை நோக்கி ஓடியது. நெல்டா விளக்கைப் போட்டுக்கொண்டு, சாலையோரம் ஒவ்வொரு தபால் பெட்டி தெரியும்போதும் காலைத் தளர்த்தினாள். எட்டு மைல், பத்து மைல். பிறகு, பின்னாலிருந்து துணி உரசுகிற ஓசை.

"எங்க போறோம், தம்பி?" என்றார் ஆர்வல். இனிமையான, ஆர்வமான குரல், விருந்துக்குக் கிளம்பியவர்போல. "வெண்டல் தேடுவானே. அவன்கிட்டச் சொல்லிட்டு வந்தோமா?"

நெல்டா கண்ணாடியில் பார்த்தாள். டாய்ல் வாயைத் திறந்தான். எந்த வேளைக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறவன், தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

இப்போதே திரும்பிவிடலாம். சும்மா ஒரு சுற்று வந்தோம் என்று சொல்லி வீட்டில் விட்டுவிடலாம். அவர் நம்புவார். திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடும்.

நெல்டா வண்டியை ஓரங்கட்டினாள். திரும்பி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். செவ்வாய்க்கிழமை, தபால் பெட்டி, ஜோலீன், விளக்குகள், வெண்டல். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

அவருக்கு எல்லாம் புதிது. முதல்முறை விழுந்த அதே இடத்தில் அதே அடி மறுபடி விழுந்ததை அவள் பார்த்தாள். உதடுகள் "மான்" என்று அசைந்தன. கை, பக்கத்தில் இருந்த டாய்லின் முழங்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

வெளியே பஞ்சு லாரி ஒன்று கடந்து போயிற்று. அதன் வெளிச்சம் காருக்குள் வந்து நகர்ந்து மறைந்தது.

"என் பையன் உள்ள இருக்கானா?" என்றார் ஆர்வல். "நான் செஞ்சதுக்கா?"

"ஆமா."

அவர் தொப்பியைத் தலையில் வைத்து நேராக்கிக்கொண்டார்.

"அப்புறம் ஏன் பொண்ணே இங்க நிக்கறே? ஓட்டு."